ஜலால் சரி என்றார்

ஒன்பதரை மணிக்கு மூன்றாவது முறையாகப் பெயரைக் கேட்டபோது ஜலாலுக்குக் கோபம் வந்துவிட்டது.

“இன்னா சிஸ்டர், அரைமணிக்கு ஒருவாட்டி என் பேரு மாறிக்கினா கீது? எட்டரைக்கு இன்னா சொன்னேனோ அதேதான். ஜலால். எழுதி வெச்சிக்கினு அத்தப் பாத்துக்கோ.”

ரத்தினபாய் சார்ட்டில் நேரத்தைக் குறித்து, ‘தெளிவாகப் பேசுகிறார், எரிச்சல்படுகிறார்’ என்று ஆங்கிலத்தில் எழுதினாள். பிறகு டார்ச்சை எடுத்து ஒவ்வொரு கண்ணிலும் அடித்துப் பார்த்தாள். இரண்டு பாவைகளும் ஒரே அளவில் சுருங்கின. தன் இரண்டு கைகளையும் நீட்டி, இறுக்கிப் பிடிக்கச் சொன்னாள்.

“ஸ்பானர் புடிக்கிற கை. வலிச்சா என்னாண்ட சொல்லக்கூடாது” என்றார் அவர். பிடித்த பிடியில் அவள் மோதிரம் விரலில் அழுந்தியது.

“என்ன வண்டிலேருந்து விழுந்தீங்க?”

“புல்லட்டு. குரோம்பேட்டை சேட்டு வண்டி. பிரேக்கு சரியா கீதான்னு ஓட்டிப் பாக்கசொல்ல எருமைமாடு குறுக்க வந்திச்சி. மாட்டை வுட்டுட்டு என்னைக் கேட்டுக்கினு கீற.”

கட்டிலின் மறுபக்கம் நின்றிருந்த அவர் மனைவி சாஜிதா, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு சங்கடத்துடன் சிரித்தாள். “தப்பா எடுத்துக்காதீங்க சிஸ்டர். வீட்லயும் இப்பிடித்தான். நான் கிழக்குன்னா இவரு மேற்குன்னுவாரு.”

“பேசட்டும்மா. பேசறது நல்லதுதான்” என்றாள் ரத்தினபாய்.

அன்று காலை ஏழு மணிக்கு இரும்புலியூரில் ஜி.எஸ்.டி. ரோட்டில் விழுந்தவர் ஜலால். அங்கேதான் அவருடைய மோட்டார் சைக்கிள் பட்டறையும், அதன் பின்னாலேயே வீடும். தலையின் வலது பக்கம் ரோட்டோரக் கல்லில் மோதி, இரண்டு மூன்று நிமிஷம் நினைவில்லாமல் கிடந்திருக்கிறார். டீக்கடைக்காரர்கள் முகத்தில் தண்ணீர் அடித்ததும் எழுந்து உட்கார்ந்து முதலில் வண்டிக்கு என்ன ஆயிற்று என்றுதான் கேட்டாராம். சைக்கிள் ரிக்‌ஷாவில் ஏற்றி, தாம்பரம் மார்க்கெட்டுக்குப் பக்கத்திலிருந்த இந்தச் சின்ன ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவருவதற்குள் சாஜிதாவுக்குப் போதும் போதுமென்று ஆகிவிட்டது. வழியெல்லாம் இறங்கப் பார்த்திருக்கிறார். எக்ஸ்ரேயில் வலது காதுக்கு மேலே முடி போல ஒரு கோடு தெரிந்தது. ஆஸ்பத்திரியை நடத்திவந்த சர்ஜன் ஸ்ரீநிவாசராகவன் அந்தக் கோட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து வெகுநேரம் பார்த்துவிட்டு, “நாளைக்குக் கார்த்தாலை வரைக்கும் நகரப்படாது. அரைமணிக்கு ஒரு தடவை பாருங்கோ சிஸ்டர்” என்று சொல்லி நாலு கட்டில் அறைக்கு அனுப்பினார்.

எழுபத்து மூன்றாம் வருஷம் அது. அந்த அறையைத் திறந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. நாலு கட்டில், இரண்டு ஆக்சிஜன் சிலிண்டர், சளி உறிஞ்சும் மெஷின் ஒன்று. கதவில் ‘தீவிர கவனிப்பு’ என்று நீலப் பெயின்ட்டில் எழுதியிருந்தது. நாகர்கோவில் பக்கம் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நர்சிங் படித்துவிட்டுப் பத்து வருஷமாகப் பல ஊர்களில் வேலை பார்த்த ரத்தினபாயை அந்த அறைக்கென்றே எடுத்திருந்தார்கள். ஊசி போடுவதும் டியூப் வைப்பதும் எல்லாருக்கும் வரும். நினைவில்லாமல் கிடப்பவர் எவ்வளவு ஆழத்தில் கிடக்கிறார் என்று கணிக்க ஒரு கருவியும் கிடையாது. கூப்பிட்டுப் பார்க்க வேண்டும். தட்டிப் பார்க்க வேண்டும். நகத்தடியில் பென்சிலை வைத்து அழுத்தினால் கையை இழுத்துக்கொள்கிறாரா, அழுத்துகிறவளைத் தள்ளிவிடுகிறாரா, முகத்தை மட்டும் சுளிக்கிறாரா என்று பார்க்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு படி இறக்கம் இருக்கிறது.

இதையெல்லாம் தெரிந்திருந்தும் ஒருமுறை அவள் தவறவிட்டிருந்தாள். போன கார்த்திகையில், சாரத்திலிருந்து விழுந்த ஏசுதாசன் என்ற கொத்தனார் இதே அறையில் இரண்டாம் கட்டிலில் இருந்தார். காலையெல்லாம் வலி வலி என்று அரற்றியவர் மதியம் இரண்டு மணிக்கு அடங்கினார். மெல்லிய குறட்டைகூட வந்தது. பாவம், இப்போதாவது கண்ணயர்ந்தாரே என்று போர்வையை இழுத்துவிட்டு, ‘நன்றாக உறங்குகிறார்’ என்று சார்ட்டில் எழுதினாள். நாலு மணிக்கு அவரை எழுப்ப முடியவில்லை. ஆறு மணிக்குப் போய்விட்டார். யாரும் அவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த ஊரில் அன்று யாராலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றுதான் டாக்டரும் சொன்னார். ஆனால் அன்றிலிருந்து தலையில் அடிபட்டவர்களின் சார்ட்டில் ‘உறங்குகிறார்’ என்ற சொல்லை அவள் எழுதுவதே இல்லை. எழுப்புவாள். திட்டு வாங்குவாள். எழுப்பிய பிறகு என்ன நடந்தது என்பதைத்தான் எழுதுவாள்.

பத்தரை மணிக்கு சாஜிதா வீட்டுக்குப் போனாள். இரண்டு பிள்ளைகளையும் பக்கத்து வீட்டு அஜீசாவிடம் விட்டுவிட்டு, திறந்து கிடந்த பட்டறையையும் பூட்டிவிட்டு வருவதாகச் சொன்னாள். போகும்போது “சிஸ்டர் சொல்றதக் கேட்டுக்கினு இருங்க” என்று அவள் சொல்ல, “நீ மொதல்ல பட்டறையப் பூட்டு, அப்பறம் எனக்குப் புத்தி சொல்லு” என்றார் ஜலால்.

பதினொரு மணிக்கு டீ கேட்டுத் தகராறு செய்தார். வாந்தி வந்தாலும் வரும், இப்போது கொடுக்கக் கூடாது என்றதற்கு, டீ கொடுக்காத ஆஸ்பத்திரி என்ன ஆஸ்பத்திரி என்றார். பதினொன்றரைக்குத் தலை வலிக்கிறது என்றார். பன்னிரண்டு மணிக்குப் பெயரைக் கேட்டபோது, “ஜலால்” என்று மட்டும் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். பன்னிரண்டரைக்கும் அப்படியே. கேட்டால் கண்ணைத் திறக்கிறார். கையைப் பிடிக்கச் சொன்னால் பிடிக்கிறார். நாடி காலையில் எண்பத்து நாலு, இப்போது எழுபத்திரண்டு. படுத்திருப்பவருக்கு எழுபத்திரண்டு என்பது குறையே இல்லை. பாவைகள் சமம். ரத்த அழுத்தம் கொஞ்சம் ஏறியிருந்தாலும் பயப்படும் அளவு இல்லை. சார்ட்டைப் பார்க்கும் எவரும் ஆள் தேறிவருகிறார் என்றுதான் சொல்வார்கள். ரத்தினபாய்க்குள் ஏதோ ஒன்று உறுத்தியது. வெயில் நேரம், காலையிலிருந்து கத்திக் களைத்தவர், அரைமணிக்கு ஒரு தடவை எழுப்பப்பட்டவர். மனிதன் அசந்து போகமாட்டானா? ஏசுதாசனை நினைத்துக்கொண்டு எல்லாரையும் பார்க்கிறோமோ என்றும் தோன்றியது. தன் பயத்தின் மேலேயே அவளுக்கு நம்பிக்கை வரவில்லை.

ஒரு மணிக்குச் சற்று முன்னால் சாஜிதா திரும்பி வந்தாள். கொஞ்ச நேரம் கட்டிலருகே உட்கார்ந்து தணிந்த குரலில் ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து, மேஜையருகே நின்ற ரத்தினபாயிடம் வந்தாள். முகம் மலர்ந்திருந்தது.

“சிஸ்டர், உங்க கைல என்ன மந்திரம் இருக்கோ. காலைல அவ்ளோ கத்துனவரு, இப்ப சொன்னதெல்லாம் கேக்குறாரு. திரும்பிப் படுங்கன்னேன், சரின்னாரு. பட்டறையப் பூட்டிட்டேன்னேன், சரின்னாரு. என் தம்பி சௌகத் அலியப் பட்டறைல சேத்துக்கங்கன்னு நாலு வருஷமாக் கேட்டுக்கினு இருக்கேன். பேச்செடுத்தாலே தட்டு பறக்கும். இப்ப கேட்டேன் பாருங்க, அதுக்கும் சரின்னுட்டாரு!”

ரத்தினபாய் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தாள்.

“நாலு வருஷமா ஒத்துக்காதவரா?”

“ஒரு தடவகூட ஒத்துக்கல.”

“இதுக்கு முன்னாடி இப்படி சரி சரின்னு எப்பவாவது சொல்லியிருக்காரா? காய்ச்சல்ல, தூக்கக் கலக்கத்துல?”

“காய்ச்சல் வந்தா இன்னும் ஜாஸ்தியா சண்டை போடுவாரு சிஸ்டர்” என்று சிரித்தபடி ஆரம்பித்த சாஜிதா, எதிரில் இருந்த முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். “ஏன் சிஸ்டர்?”

“இங்க வாங்க. அவருக்கு ரொம்பக் கோவம் வர்ற மாதிரி ஒண்ணு சொல்லுங்க. எது சொன்னா கண்டிப்பா எழுந்து உக்காருவாரோ, அதைச் சொல்லுங்க.”

சாஜிதா கட்டிலருகே போய்க் குனிந்தாள். என்ன சொல்வது என்று ஒரு கணம்தான் யோசித்தாள். “இந்தாங்க… சேட்டு வந்திருந்தாரு. புல்லட்டத் தூக்கிக்கினு போய் ஜெயவேலு கடைல வுட்டுட்டாரு. இனிமே எல்லா வண்டியும் அங்கதான்னு சொல்லிட்டுப் போறாரு. கேக்குதா?”

ஜெயவேலு, எதிர்ச் சாரியில் பட்டறை வைத்திருப்பவர். இரண்டு பேரும் பேசி ஆறு வருஷம் ஆகிறது என்பது ரத்தினபாய்க்குப் பிறகுதான் தெரிந்தது.

ஜலால் இமைகளைப் பாதி திறந்தார். பார்வை மனைவியின் முகத்தில் நிற்காமல் வழுக்கிக்கொண்டு போயிற்று. “சரி” என்றார். உதட்டை நனைத்துக்கொண்டு இன்னொரு முறை “சரி…” என்றார். இமைகள் மூடிக்கொண்டன.

சாஜிதா நிமிர்ந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. “இது அவரு இல்ல சிஸ்டர்” என்றாள்.

ரத்தினபாய் நாடியையும் இரண்டு கைகளின் பிடியையும் மறுபடி பார்த்துவிட்டு, அவள் சொன்னதையும் அப்படியே எழுதினாள். ‘ஒரு மணி. நாடி அறுபத்தாறு. இடது கைப் பிடி சற்றுத் தளர்ச்சி. எல்லாவற்றுக்கும் சரி என்கிறார். இது அவரல்ல என்று மனைவி சொல்கிறார்.’ எழுதி முடித்ததும் சார்ட்டைக் கையோடு எடுத்துக்கொண்டு ஆபரேஷன் தியேட்டரை நோக்கி ஏறக்குறைய ஓடினாள்.

ஸ்ரீநிவாசராகவன் ஒரு குடலிறக்க ஆபரேஷனை முடித்துத் தையல் போட்டுக்கொண்டிருந்தார். தலையைத் திருப்பாமலேயே கேட்டார். “பியூபில் எப்படி இருக்கு?”

“சமமாத்தான் இருக்கு சார்.”

“பல்ஸ்?”

“அறுபத்தாறு.”

“பி.பி.?”

“நூத்தி நாப்பது. காலைல நூத்தி இருபது.”

“வாந்தி? ஃபிட்ஸ்?”

“இல்ல சார்.”

“அப்புறம் என்ன சிஸ்டர்?”

“சண்டை போடறத நிறுத்திட்டார் சார்.”

தியேட்டரில் இருந்தவர்களில் யாரோ சிரித்தார்கள். டாக்டர் சிரிக்கவில்லை. ஊசி அவர் கையில் பாதியில் நின்றது. ரத்தினபாய் மனைவி சொன்னதையும், தான் சோதித்துப் பார்த்ததையும் நாலு வாக்கியத்தில் சொன்னாள்.

“இன்னும் அரைமணி பார்க்கலாமே. எழுப்பினா எழுந்துக்கறாரே.”

“அரைமணி பொறுத்தா பியூபில் விரிஞ்சிரும் சார். அதுக்கப்புறம் நாம கிளம்பினா கிண்டியைத் தாண்ட மாட்டோம். நான் தப்பாச் சொல்லியிருந்தா நாளைக்கு அவர் என்னைத் திட்டட்டும். வாங்கிக்கிறேன்.”

அவர் அவளை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தார். தையலை உதவியாளரிடம் விட்டுவிட்டுக் கையுறையைக் கழற்றிக்கொண்டே வந்தார். ஜலாலின் நெஞ்செலும்பில் விரல் முட்டியால் அழுத்தித் தேய்த்தார். காலையில் பெயரைக் கேட்டதற்கே சண்டைக்கு வந்த மனிதர், புருவத்தைச் சுருக்கி, அந்தக் கையைத் தள்ளிவிடப் பார்த்து, பாதியிலேயே விட்டுவிட்டார். வலது கைதான் எழுந்தது. இடது கை போர்வையின் மேல் அப்படியே கிடந்தது. ஸ்ரீநிவாசராகவன் நிமிர்ந்தார். “மண்டையோட்டுக்கு உள்பக்கம் ரத்தம் கசியறது. மூளை வீக்கம் வடிய மானிட்டால் ஏத்துங்கோ. வேனை எடுக்கச் சொல்லுங்கோ. நான் மெட்ராசுக்குப் போன் போடறேன், தியேட்டரைத் தயாரா வச்சிருப்பா” என்றார்.

ஒன்றரை மணிக்கு வேன் கிளம்பியது. ஓட்டுபவர் பக்தவச்சலம். பின்னால் ஸ்டிரெச்சரில் ஜலால், தலைமாட்டில் ரத்தினபாய், கால்மாட்டில் சாஜிதா. மருந்து பாட்டிலை வேனின் கூரைக் கம்பியில் துணியால் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். குரோம்பேட்டையில் தோல் பதனிடும் ஷாப்புகளின் நாற்றம் ஜன்னல் வழியாக உள்ளே அடித்தது. பல்லாவரத்தில் ஒரு கட்டை வண்டி வழி மறித்தது. இரண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை ரத்தினபாய் அவர் காதருகே குனிந்து கூப்பிட்டாள். முதலில் ‘ம்’ என்று ஒரு சத்தம் வந்தது. பிறகு அதுவும் வரவில்லை. தோளை அழுத்திக் கிள்ளினால் வலது கை மெல்ல அந்த இடத்தைத் தேடி வந்தது. கை வருகிற வரைக்கும் பரவாயில்லை என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

“பேசுங்கம்மா. திட்டுங்க. எதையாவது சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டே இருங்க.”

சாஜிதாவுக்குத் திட்ட வரவில்லை. பன்னிரண்டு வருஷமாக அந்த மனிதரிடம் பதிலுக்குப் பதில் பேசியவள் அவள். அவர் பாதத்தைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு உதட்டுக்குள் துஆ ஓதிக்கொண்டே வந்தாள்.

மீனம்பாக்கத்தில் விமானம் ஒன்று தலைக்கு மேலே பேரிரைச்சலோடு இறங்கியது. அந்த இரைச்சல் அடங்கியதும் ரத்தினபாய் டார்ச்சை அடித்துப் பார்த்தாள். வலது பாவை விரிந்திருந்தது. வெளிச்சத்துக்கு அசையவில்லை. இடது பாவை ஒரு மிளகளவில் சுருங்க, வலது கறுப்பாக அப்படியே நின்றது. அவள் டார்ச்சை அணைத்தாள். முன்பக்கம் திரும்பி, “அண்ணா, இனி எங்கயும் நிறுத்தாதீங்க” என்றாள். பக்தவச்சலம் கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்தார். அதன் பிறகு ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை.

பெரிய ஆஸ்பத்திரியின் வாசலில் ஸ்டிரெச்சரோடு ஆட்கள் நின்றிருந்தார்கள். நிற்பார்கள் என்று அவள் நம்பியிருக்கவில்லை. போய்ச் சேர்ந்த இருபது நிமிஷத்தில் ஜலாலின் தலையைத் திறந்துவிட்டார்கள். நாலரை மணிக்கு வெளியே வந்த இளைஞரான டாக்டர், முழுக் கோழிமுட்டை அளவுக்கு ரத்தக்கட்டி எடுத்ததாகவும், எடுத்ததுமே பாவை சுருங்கிவிட்டதாகவும் சொன்னார். “இன்னும் பதினஞ்சு நிமிஷம் லேட்டா வந்திருந்தா…” என்று ஆரம்பித்து, சாஜிதாவைப் பார்த்துவிட்டு முடிக்காமல் விட்டார். “தாம்பரத்துல யார் கவனிச்சது?”

சாஜிதா ரத்தினபாயைக் காட்டினாள். ரத்தினபாய் சாஜிதாவைக் காட்டினாள்.

திரும்பும் வழியில் சைதாப்பேட்டையில் வேனை நிறுத்தி பக்தவச்சலம் அவளுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தார். கிளாசை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தாள். கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டே இருந்தது. அழுகிறோம் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை. அந்தப் பெண் வந்து சிரித்துக்கொண்டே சொல்லாமல் இருந்திருந்தால், வெட்கப்பட்டுக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தால், ஒன்றரைக்கும் தான் ‘கூப்பிட்டால் கண் திறக்கிறார்’ என்று எழுதியிருப்போம் என்று நினைத்தாள். கர்த்தாவே, அந்த வாய் திறந்ததற்கு ஸ்தோத்திரம் என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டாள். ஏசுதாசனுக்கு மனைவி இருந்தாள். அன்று அவளும் அங்கேயேதான் உட்கார்ந்திருந்தாள். அவளிடம் தான் ஒன்றுமே கேட்கவில்லை என்பது இத்தனை மாதம் கழித்து அந்த டீக்கடை வாசலில்தான் அவளுக்குத் தெரிந்தது.

இரண்டு மாதம் கழித்து, செப்டம்பரில் ஒரு காலையில் இருவரும் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். ஜலால் இளைத்திருந்தார். மழித்த தலையில் முடி கொஞ்சமாக வளர்ந்திருக்க, மேலே வெள்ளைத் தொப்பி. நடையில் இடது கால் மட்டும் லேசாகத் தயங்கியது. வராந்தாவில் ரத்தினபாய் எதிரே வந்தபோது அவர் வழிவிட்டு ஒதுங்கி நின்றார். யாரோ நர்ஸ் என்று நினைத்திருக்கிறார்.

“இவங்கதான்” என்றாள் சாஜிதா.

அவருக்கு ஒன்றும் நினைவில்லை. எருமைமாடு இல்லை, எக்ஸ்ரே இல்லை, டீக்குப் போட்ட சண்டை இல்லை. முந்தின நாள் சாயங்காலம் பட்டறைக் கதவைச் சாத்தியது வரைக்கும்தான். அதற்கப்புறம் நினைவிலிருப்பது பத்து நாள் கழித்துப் பார்த்த ஒரு ஜன்னல். தன்னுடைய வாழ்க்கையை யாரோ சொல்லிக் கேட்டுத் தெரிந்துகொண்டவரின் கூச்சம் அவர் முகத்தில் இருந்தது.

“சிஸ்டர்… ஒங்களாண்ட ரொம்பக் கத்திக்கினு இருந்தேனாமே. மனசுல வெச்சிக்காதீங்கோ.”

“கத்தினீங்களே, அதுக்குத்தான் நான் நன்றி சொல்லணும். அமைதியான ஆளா இருந்திருந்தா எங்களுக்கு வித்தியாசமே தெரிஞ்சிருக்காது.”

அவருக்கு அது புரிந்ததோ என்னவோ, மனைவியைப் பார்த்தார். சாஜிதா சிரித்தாள். “ஒரு மாசமா சௌகத் அலிதான் பட்டறையப் பாத்துக்கறான் சிஸ்டர். இவரு சரின்னு சொன்னத நீங்களும் கேட்டீங்கல்ல?”

“மயக்கத்துல சொன்னதெல்லாம் ஒரு பேச்சா?” என்றார் ஜலால். குரலில், அன்று காலைக்கும் மதியத்துக்கும் நடுவே எங்கேயோ தொலைந்திருந்த அந்த முரட்டுத்தனம் கொஞ்சம் தலைகாட்டியது. பிறகு அவராகவே, “கார்பரேட்டர் வேலை மட்டும் ஒயுங்கா செய்றான்” என்று முனகினார்.

கொண்டுவந்திருந்த பிஸ்கட் பொட்டலத்தை ரத்தினபாயின் கையில் வைத்த சாஜிதா, கிளம்பாமல் நின்றாள். அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். “சிஸ்டர், ஒண்ணு கேக்கணும். அங்க எலும்ப எடுத்த எடத்துல மேல தோல்தான் மூடியிருக்காம். பள்ளமாத் தெரியுது. எனக்குத் தொடவே பயமா இருக்கு. தலைக்கு எண்ணெய்கூட அவரேதான் வெச்சிக்கிறாரு. நீங்க ஒரு தடவ பாத்து, நல்லா இருக்கான்னு சொல்லுங்களேன்.”

ஜலால் தொப்பியைக் கழற்றிக்கொண்டு, சொல்லாமலேயே தலையைக் குனிந்தார். வலது காதுக்கு மேலே லாடம் போல ஒரு தழும்பு. அதன் நடுவே இரண்டு விரல் அகலத்துக்குத் தோல் உள்வாங்கியிருந்தது. ரத்தினபாய் ஆள்காட்டி விரலை மெதுவாக அங்கே வைத்தாள். வெதுவெதுப்பாக இருந்தது. அடியில் ஒன்று எழும்பி அடங்கியது. மறுபடியும் எழும்பியது. இத்தனை வருஷத்தில் எத்தனையோ மணிக்கட்டுகளைப் பிடித்து எண்ணியிருக்கிறாள். எலும்பின் மறைவில்லாமல், விரல் நுனிக்கு நேர் கீழே, இவ்வளவு அருகில் ஒரு துடிப்பை அவள் தொட்டதில்லை. எண்ண வேண்டும் என்றே அவளுக்குத் தோன்றவில்லை.

சாஜிதாவின் கையைப் பிடித்து இழுத்தாள். அது பின்வாங்கியது. “ஒண்ணும் ஆகாது, மெல்ல” என்று சொல்லி அவள் விரலை அந்தப் பள்ளத்தில் வைத்து, மேலே தன் விரலையும் வைத்துக்கொண்டாள். சாஜிதா மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள். வராந்தாவில் யாரோ பக்கெட்டை இழுத்துக்கொண்டு போனார்கள். தலை குனிந்தபடி தொப்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஜலால் அசையாமல் நிற்க, இரண்டு பெண்களின் விரல்களும் ஒன்றாக மேலே எழும்பின, கீழே இறங்கின.